அடுக்களை மேடைக்கு யார் உயரம்

1

எதிர்வீட்டுக்காரர்கள் போன வாரம் தங்கள் அடுக்களையை முழுதாகப் பெயர்த்து, வாசலில் நிறுத்தியிருந்த இரும்புத் தொட்டிக்குள் போட்டார்கள். வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது எட்டிப் பார்த்தேன். அலமாரிக் கதவுகள், குழாயோடு சேர்ந்த கழுவுதொட்டி, மர நிறத்தில் நீளமாக ஒரு மேடைப் பலகை. ஒன்றிலும் கீறல் இல்லை. என்ன கோளாறு என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"கோளாறு ஒன்றுமில்லை. எங்களுக்குச் சலித்துவிட்டது" என்றாள்.

மனிதர்கள் வாயிலிருந்து விழுகிற பேச்சைப் பொறுக்கி வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள சூக்கேடு, வியாதி என்றே சொல்லலாம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பஸ்ஸிலும் சந்தையிலும் கோயில் வாசலிலும் காதில் விழுந்ததுதான். இந்தப் பெண் சொன்னதையும் பொறுக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அன்று முழுக்க வேலையில் கை ஓடவில்லை. ஊரில் எங்கள் வீட்டு அடுக்களை ஒருவருக்கும் சலித்துப் பெயர்க்கப்பட்டதில்லை. அது வேறு கதை. அம்மா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி அதை எழுதலாம்.

என் கணவர் இங்கே இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லமொன்றில் வேலை. பிறந்த வீடு இரணியலுக்கும் தக்கலைக்கும் நடுவில். அங்கே அம்மா, அண்ணன், அண்ணன் மனைவி சுகந்தி மைனி. அண்ணன் மகன் ஜெபினுக்கு சென்னையில் வேலை, ஆனால் கட்டிக்கொண்டு வருகிறவள் ஊர் வீட்டில்தான் இருப்பாள் என்று பேச்சு. அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோதுதான் அடுக்களைப் பேச்சு வந்தது. தரகர் அண்ணனிடம் சொன்னாராம்: "பொண்ணு வீட்டுக்காரவிய இப்பம் பையனைப் பாக்கதுக்கு முந்தி அடுக்களையைப் பாக்காவ. ஒங்க அடுக்களையைக் கண்டா பையனைப் பாக்க நிக்க மாட்டாவ."

2

அந்தப் பழைய அடுக்களையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா கட்டியது. அம்மாவுக்கு ஐந்தடி இல்லை, அம்மாவின் உயரத்துக்கு அளந்து கட்டிய மேடை. நம்ம பக்கம் அது ஒரு முறை. கொத்தனார் வீட்டுக்காரியைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கீழே நாலு விரல் விட்டு வெள்ளைச் சாக்குக்கட்டியால் கோடு போடுவார். அந்தக் கோடுதான் மேடை. யாரை நிறுத்துகிறார்களோ அவளுக்குத்தான் அடுக்களை என்று அர்த்தம். வாயால் யாரும் சொல்லுவதில்லை.

அந்த மேடைக்கு முன்னால் வந்து சேர்ந்தவள் சுகந்தி மைனி. மார்த்தாண்டத்துக்கு மேற்கேயிருந்து வந்தவள். எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய தலைக்கும் மேலே அவள் தலை தெரியும். கல்யாணப் போட்டோவுக்கு அண்ணனைப் பலகையில் ஏற்றி நிறுத்தினார்கள். அம்மா அவளுக்குக் கமுகு என்று பேர் வைத்தாள், பாக்கு மரம். "கமுகு எழும்பியாச்சா", "கமுகுக்கு இன்னைக்கு என்ன வருத்தம்" என்று அவள் காதில் விழும்படியே கேட்பாள். இடுப்பளவுகூட இல்லாத மேடையில் இத்தனை வருடம் குனிந்து அரிந்து, குனிந்து அரைத்து, குனிந்து கழுவி மைனிக்கு முதுகு போயிற்று. டாக்டர் பெல்ட் கொடுத்திருந்தார். அதைப் புடவைக்கு உள்ளே கட்டிக்கொண்டுதான் சமைப்பாள். அதற்கும் அம்மா சும்மா இருக்கவில்லை. "பெல்ட் கெட்டி நிக்கது சமைக்கதுக்கா, போலீசு வேலைக்கா?"

அடுக்களையை மாற்றுகிறோம் என்று உறுதியானதும் மைனி எனக்குப் போன் செய்தாள்.

"ஸ்டெல்லா, கல்லு என்ன கல்லானாலும் எனக்குச் சம்மதம். தரை எதானாலும் சம்மதம். மாமி எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். மேடை மட்டும் எனக்க உயரத்துக்கு வரணும். ஒருநாளாவது நிமிந்து நின்னு ஒரு சாயா போடணும். நீ ஒங்க அண்ணன்கிட்ட சொல்லு."

"இதுக்கு நான் எதுக்கு மைனி? நீங்க சொன்னா அண்ணன் கேக்க மாட்டானா?"

"ஒங்க அண்ணன் கேப்பாரு. கேட்டுட்டு ஒங்க அம்மைக்க மூஞ்சியப் பாப்பாரு."

அண்ணனிடம் சொன்னேன். சரி என்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னானா என்பது போனில் தெரியவில்லை.

3

அதற்கு அடுத்த வாரம் அம்மாவுக்கு வயிற்று வலி. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அண்ணனை வெளியே அழைத்து, கணையத்தில் இருக்கிறது, பரவியும்விட்டது, மாதக்கணக்குதான் என்றார். அண்ணன் உள்ளே வந்து அம்மாவிடம் அல்சர் என்றான்.

அம்மாவிடம் மறைத்ததை இங்கே என் மகள் ஷெரினிடம் சொன்னபோது அவளுக்குப் புரியவேயில்லை. அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். "பாட்டியோட உடம்பு, பாட்டிக்கே தெரியக் கூடாதா? இது சட்டப்படி குற்றம் இல்லையா?" என்றாள். நான் வேலை பார்க்கும் இல்லத்தில் டாக்டர் வந்து கட்டில் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பக்கத்தில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சொல்லி முடித்ததும் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் அருகே தள்ளிவைப்பார், அவ்வளவுதான். அப்படி ஒரு கிழவரிடம் சொன்ன நாளில் நான்தான் அறையில் இருந்தேன். டாக்டர் போனதும் அவர் என்னைப் பார்த்து, "மத்தியானம் என்ன சாப்பாடு?" என்று கேட்டார். அந்தக் கொடுமையை அம்மாவுக்குச் செய்ய எங்களுக்கு மனசில்லை. வேறு கொடுமை செய்தோம்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தோம். போதகருக்குத் தெரியும், கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவளுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் அல்சர்.

நான் உடனே போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. இங்கே நிரந்தரமாக இருப்பதற்கான மனு கொடுத்திருந்தோம். பதில் வருவதற்கு முன் நாட்டை விட்டு வெளியே போனால் மனுவை நாமே திரும்ப வாங்கிக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களாம். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டேன். உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது, பதில் வரும்வரை காத்திருக்கவும் என்று வந்தது. இவர்கள் முடியாது என்று சொல்லுகிற அழகே தனி. ஒரு கெட்ட வார்த்தை இருக்காது.

அடுக்களை வேலையை நிறுத்திவைக்கலாமா என்று அண்ணன் கேட்டான். நிறுத்தினால் அம்மாவுக்குச் சந்தேகம் வரும் என்று நான்தான் சொன்னேன். ஆக, சாகப்போகிறவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னும் நாற்பது வருடம் நிற்கவேண்டிய கல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கியது.

4

எனக்கு விடுமுறை நாள் காலை என்றால் அங்கே மத்தியானம். வீடியோவில் கூப்பிடுவார்கள். போனைப் பிடிக்கிறது எப்போதும் மைனிதான். அதனால் கடையில் உள்ள எல்லாவற்றையும் பார்ப்பேன், மைனியை மட்டும் பார்க்க முடியாது.

கல் கடையில் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக நனைத்துக் காட்டினார்கள். மைனிக்குப் பிடித்தது சாம்பல் நிறத்தில் புள்ளிபோட்ட ஒரு கல். அழுக்கு தெரியாது, தினமும் தேய்க்கவேண்டாம். அம்மா கன்னங்கரேலென்று கண்ணாடி மாதிரி மினுங்குகிற கல்லில் கையை வைத்தாள்.

"இது எத்தன காலம் நிக்கும்?"

"பேரப்பிள்ளைக்க பிள்ளை காலம் வர நிக்கும் அம்மா" என்றார் கடைக்காரர்.

"அப்பம் இது மதி. இதையே எடுங்க."

"கறுப்புல சொட்டுத் தண்ணி விழுந்தாலும் திட்டு திட்டா தெரியும் மாமி" என்றது மைனியின் குரல்.

"தொடைச்சா தெரியாது."

மைனி அந்தக் கறுப்புக் கல்லுக்கு விலை கேட்டாள்.

தரைக்கும் அப்படித்தான். சொரசொரப்பான டைல்ஸ், எண்ணெய் சிந்தினாலும் வழுக்காது என்று அண்ணன் எடுத்துக் காட்டினான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தெருவில் துபாய்க்காரர் வீட்டில் போட்டிருக்கிற பால் வெள்ளை பளபளப்புத்தான் வேண்டும் என்றாள். "முகம் தெரியணும், பாத்துக்கிடு. கால் வச்சா கால் தடம் தெரியணும்." மைனி சரி என்றாள்.

அமைப்பைப் பேசும்போதுதான் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. பின்பக்கம் அடுத்த வீட்டு மதில். அதனால் எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி அடுக்களைக்குப் பின்னால் புழக்கத்துக்கு ஒரு வொர்க் ஏரியா போட இடமில்லை. மீன் வெட்டுவதும் இந்த மேடையில்தான், தோசை சுடுவதும் இதே மேடையில்தான். அடுப்பை ஜன்னலுக்கு நேரே வைக்கலாம், காற்றும் வெளிச்சமும் வரும் என்று மைனி தாளில் வரைந்திருந்தாள். அம்மா அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"அடுப்பு ஜன்னல்ல வேண்டாம். இந்தச் சுவருல வரட்டும். ஆளு நின்னா முதுகு ஹாலுக்குத் தெரியணும்."

"எதுக்கு அம்மா?" என்று நான் இங்கிருந்து கேட்டேன்.

"நான் ஹால்ல இருந்து பாக்கண்டாமா, எனக்க அடுக்களையில யாரு என்ன செய்யான்னு?"

அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஜன்னலுக்கு நேராகப் பாத்திரம் கழுவும் தொட்டி போனது. மைனி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள். உயரம் என்ற ஒரே ஒரு வார்த்தையை மட்டும் பிடித்து வைத்திருந்தாள்.

இங்கே எங்கள் அடுக்களையைப் புதுப்பித்தபோது கடைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பழக்கத்தில் மேடையை ஸ்லாப் என்று சொல்லிக் கேட்டேன். அந்தப் பையன் என்னைத் தோட்டத்துப் பாதைக்குப் போடும் கற்கள் இருக்கிற பக்கம் கூட்டிக்கொண்டு போனான். பிறகு விஷயம் புரிந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்டான். வீட்டில் நாய் உண்டா, வைன் குடிப்பீர்களா, விருந்தாளிகள் வந்தால் நின்றுகொண்டு பேசுவார்களா. யார் சமைப்பது, அவள் என்ன உயரம் என்று மட்டும் கேட்கவில்லை. மேடைக்கு நாடு முழுக்க ஒரே உயரமாம். இதை மைனியிடம் சொன்னேன்.

"யாரையும் நிறுத்தி அளக்க மாட்டாவளா?"

"இல்ல மைனி."

"நல்ல நாடு" என்றாள்.

5

மேடை அளக்கும் நாள். அம்மா நாகர்கோவிலுக்கு ஊசி போடப் போயிருக்கும் காலை வேளையில் கொத்தனாரை வரவழைத்து, அவள் திரும்புவதற்குள் கோடு போட்டுவிடுவது என்று மைனியும் நானும் பேசி வைத்திருந்தோம். செல்லத்துரை கொத்தனார் காலையில் வந்தார். ஆனால் பெரியம்மா (அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்) இல்லாமல் எப்படி அளப்பது, அவர் வந்த பிறகு ஐசுவரியமாகத் தொடங்கலாம் என்று பின்சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். மைனி கெஞ்சினாளாம். மாமிக்குச் சுகமில்லை, இனி சமைக்கப்போவது நான்தான் என்று விளக்கினாளாம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பூச்சு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.

என்னைக் கூப்பிட்டபோது அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுருங்கி ஒரு கை அகலம் ஆகியிருந்தது. மைனி போனைச் சுற்றித் திருப்பி எனக்கு அடுக்களையைக் காட்டினாள். தரை முடிந்திருந்தது, மேலே சாக்கு விரித்திருந்தார்கள். செல்லத்துரை கொத்தனார் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனார். அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழப்போனாள்.

"நீங்க இரியுங்க பெரியம்மா" என்றார் அவர். நல்ல மனுஷர், நல்லதாகத்தான் சொன்னார். "மருமொவ வந்து நிக்கட்டும்."

போன் கைமாறப்போகிறது. ஒரு நிமிடம் எனக்கு மேல்கூரை தெரிந்தது. மைனி அதை அண்ணனிடம் நீட்டியிருக்க வேண்டும்.

"இரி" என்றது அம்மாவின் குரல். கூரை அப்படியே நின்றது. "என்னத்துக்குப்பா அவ நிக்கணும்? எனக்க உயரத்துலதானே இத்தன வருசம் இங்க அடுப்பு எரிஞ்சு?"

"இல்ல பெரியம்மா. இனி பொழங்கியது அவியதானே?"

"இனின்னா? எப்பம் முதலு?"

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று ஊர் பூராவும் வாயை அடைத்திருந்தோம். யாரை நிறுத்தி அளக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. செல்லத்துரை கொத்தனார் தன் கையில் இருந்த கட்டியைப் பார்த்தார்.

அண்ணன்தான் வாயைத் திறந்தான். "அல்சருக்கு ரெஸ்ட் வேணும்லாம்மா. அதுனால அவரு..."

"அல்சரு எனக்கு. ஒனக்கு ஏம்லே தொண்டை கம்முகு?"

போன் மெல்ல நேரானது. மைனி அதை யாரிடமும் கொடுக்கவில்லை, தானே பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்தாள். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் போனாள். போகிற போக்கில் செருப்பைக் கழற்றி விட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து முழங்கையை மடக்கினாள். நோவு தின்று அவள் முந்தியிருந்ததைவிடவும் குட்டையாகியிருந்தாள்.

"நாலு விரலு கீழ போடு."

கொத்தனார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். அம்மா போனைப் பார்த்தாள், என்னை.

"ஏட்டி ஸ்டெல்லா. ஒங்க அண்ணனுக்கு நாக்கு இல்ல. நீ வெளிநாட்டுல இருக்க, நீ சொல்லு. எனக்க உயரத்துக்குக் கெட்டலாமா, வேண்டாமா?"

வேண்டாம் என்றால் நீ சாகப்போகிறாய் என்று சொன்னதாகும். கெட்டலாம் என்றால் மைனி ஆயுள் முழுக்கக் குனிய வேண்டும். எனக்கு மைனியின் முகம் தெரியவில்லை. படம் கொஞ்சமாவது ஆடும் என்று எதிர்பார்த்தேன். ஆடவில்லை. அவ்வளவு திடமாக ஒரு கை போனைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"கெட்டலாம்மா. ஒங்க உயரத்துக்கே கெட்டட்டும்."

சாக்குக்கட்டி சுவரில் உராய்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் மைனிக்குப் போன் செய்தேன். எடுத்தாள். "எனக்கு வேற வழி தெரியல்ல மைனி" என்றேன்.

"நீ நல்லா இருப்ப மக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

6

கறுப்புக் கல்லைப் பதித்து முடித்த மறுநாள் அம்மா தானே எனக்குப் போன் செய்தாள். பேசும்போது மூச்சு வாங்கியது. வீட்டில் யாரும் இல்லை என்றாள். முதலில் ஷெரின் எங்கே என்று கேட்டாள். கொடுத்தேன். ஷெரின் ஹாய் பாட்டி, பரீட்சை, பிஸி என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிள்ளை நல்லா பேசுகு" என்றாள் அம்மா. அது கேலி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரு கதவுக்கு வெளிய நின்னு பேசினா எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியளோ?"

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"மொதல்லயே தெரியும் எனக்கு. நீங்க சொல்லுவியளா, சொல்லுவியளான்னு பாத்துட்டு இருந்தேன். பெத்த ரெண்டும் சொல்லல்ல. கடைசில கொத்தனாரு சொல்லியாச்சு."

"அப்பம் ஏம்மா அந்த உயரம்? நீங்க..."

"நான் சமைக்கவா கெட்டுனேன்? அவ குனியதுக்குக் கெட்டுனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கறுப்புக் கல்லு எதுக்கு எடுத்தேன்? தெனமும் தொடைக்கணும். வெள்ளைத் தரை எதுக்கு? தெனமும் தொடைக்கணும். அடுப்பைச் சுவருல வச்சது, அவளுக்குக் காத்தும் வெளிச்சமும் கெடைக்காண்டாம்னுதான். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதலு நான் வச்ச ஒரு மீன்கறியைக் கொள்ளாம், நல்லா இருக்குன்னு அவ வாய் சொல்லல்ல, ஏட்டி. ஒரு நாளு சொல்லல்ல. நான் போன பெறவு என்னை நெனைக்க மாட்டா. மனசு நெனைக்கல்லன்னா முதுகு நெனைக்கட்டும்."

"இதெல்லாம் பாவம் இல்லியாம்மா?"

"நீங்க அல்சருன்னு சொன்னது புண்ணியமாக்கும். உள்ளதைச் சொல்லியிருந்தா, சாவப்போறவளுக்கு எதுக்கு அடுக்களைன்னு நீங்களும் சொல்லிருப்பிய, நானும் அடங்கியிருப்பேன். நீங்க சொல்லாத கொண்டுதான் கேட்டது எல்லாம் எனக்குக் கெடச்சு."

அம்மா உண்மையிலேயே முதலிலிருந்து அறிந்திருந்தாளா, அல்லது கொத்தனார் வாயிலிருந்து அறிந்த பிறகு, ஏமாந்தவளாகச் சாக மனமில்லாமல் இப்படிச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டுக்கும் அவளுக்குத் திராணி உண்டு.

புது மேடையில் அவள் ஒரே ஒரு தடவை சாயா போட்டாள். போதகர் வந்து ஜெபம் பண்ணிய அன்றைக்கு, நிமிர்ந்து நின்று, ஒரு துளி சிந்தாமல். போட்டோ அனுப்பினார்கள். அடுத்த மாதம் போய்விட்டாள். அடக்கத்தை போனில்தான் பார்த்தேன். மைனிதான் பிடித்திருந்தாள். என் மனுவுக்கு அனுமதி அதற்குப் பிறகு வந்தது, வாழ்த்துகளோடு.

7

ஓராண்டு நினைவு ஜெபத்துக்குப் போயிருந்தேன். ஷெரின் வரவில்லை. அம்மா போனில் சொன்னதையெல்லாம் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். சிரித்தாள். "பாட்டி பயங்கரமான ஆள், எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். சாவுக்குக்கூட இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாத பிள்ளை, இதற்கு இவ்வளவு சொன்னாள்.

அடுக்களையில் மைனி கால்களை அகற்றி, முழங்காலை மடக்கி, ஓடத் தயாராக நிற்கிறவள் மாதிரி நின்று காய் அரிந்துகொண்டிருந்தாள். தொடை மட்டத்துக்கு மேடை. பெல்ட் இப்போது சேலைக்கு வெளியே. ஜெபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, "தாய்க்க உயரத்துக்குக் கெட்டியிருக்கான் பாரு. இப்பிடிப் பிள்ளை கெடைக்கணும்" என்று அண்ணன் தோளில் தட்டினார்கள். அண்ணனுக்குக் கண் நிறைந்தது. "அம்மைக்க அளவு. நான் உயிரோட இருக்க வர இதுல ஒருத்தன் சுத்தியல் வைக்கப்பிடாது" என்றான். பிறகு ஒரு சாயா கேட்டான்.

எல்லோரும் போன பிறகு மைனியிடம் சொன்னேன். "நான் அண்ணன்கிட்ட பேசுகேன் மைனி. கல்லை எடுத்துட்டு அடியில ரெண்டு வரி செங்கல் வச்சு உயர்த்திரலாம்."

"வேண்டாம்."

"எதுக்கு வேண்டாம்? அம்மா போயாச்சு."

"எனக்கு இனி முதுகு நேராவாது ஸ்டெல்லா. உயர்த்துனாலும் இப்பிடித்தான் நிப்பேன்." கத்தியைக் கழுவி வைத்தாள். "அது அப்பிடியே இருக்கட்டும்."

மறுநாள் தரகர் வந்தார். ஹாலில் உட்கார்ந்து போனில் பெண்களின் படங்களைக் காட்டினார். முதலில் காட்டிய பெண்ணை எனக்கு மிகவும் பிடித்தது. நாகர்கோவிலில் பேங்க் வேலை, லட்சணமான முகம். மைனி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"பிள்ளை குட்டையாட்டு இருக்கு" என்றாள்.

தரகர் அடுத்ததைக் காட்டினார். "இது குலசேகரம் பக்கம். எம்.எஸ்சி. குடும்பம் நல்ல குடும்பம். ஒண்ணே ஒண்ணு, பிள்ளை கொஞ்சம் உயரம். ஒங்க ஜெபினை விட ரெண்டு விரலு கூடுதல் வரும். அதுதான் யோசிக்கேன்."

"அதுக்கு என்ன? உயரமாட்டு இருக்கட்டும்" என்றாள் மைனி. "இந்தப் பிள்ளைக்க வீட்டுக்காரவிய வந்து பாக்கட்டும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "மைனிக்க மனசைப் பாத்தியா? தன்னைப்போல ஒரு பிள்ளை வேணும்னு ஆசைப்படுகா."

நான் மைனியைப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன் பார்க்கக் கிடைக்காத முகம் இப்போது நன்றாகத் தெரிந்தது. அதில் கோபம்கூட இல்லை. கடையில் புளியோ மிளகாயோ தேர்ந்தெடுக்கிற முகம்.

மைனி அடுக்களைக்குள் போனதும் பின்னாலேயே போனேன். "மைனி, அந்தப் பிள்ளை ஒங்களை என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல்ல. நான் யாருக்கு என்ன செஞ்சேன்?" கறுப்புக் கல்லில் விழுந்த ஒரு சொட்டுத் தண்ணீரைத் துடைத்தாள். "நீ ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா. சொல்லாம இருக்கது ஒனக்குப் புதுசு இல்லியே."

நான் ஊரில் இருக்கும்போதே அவர்கள் வந்தார்கள், பெண்ணின் அப்பாவும் அம்மாவும். பெண்ணின் அம்மாவும் நெடுநெடுவென்று இருந்தாள். ஹாலில் நாலு வார்த்தை பேசிவிட்டு நேராக அடுக்களைக்குத்தான் வந்தாள். தரகர் சொன்னது சரிதான். தரையில் தன் முகம் தெரிவதைப் பார்த்துச் சிரித்தாள். கல்லைத் தடவினாள். தடவுவதற்கு அவள் குனிய வேண்டியிருந்தது.

"மேடை கொஞ்சம் தாழ்ச்சையாட்டு இருக்கோ?" என்றாள்.

அண்ணன் சொல்லத் தொடங்கினான். அம்மாவின் கடைசி நாட்கள், சுவரில் போட்ட கோடு, அவள் போட்ட ஒரே ஒரு சாயா. கேட்கக் கேட்க அந்த அம்மாளின் கண் கலங்கியது. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு குடும்பமா" என்று மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மைனி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அந்த அம்மாள் என்னிடம் திரும்பினாள்.

"நீங்க வெளிநாட்டுல எவ்வளவோ வீடு கண்டிருப்பிய. நீங்க சொல்லுங்க. எங்க பிள்ளைக்கு இங்க ஒரு கொறையும் இருக்காதுல்லா?"

மைனி என்னைப் பார்க்கவில்லை. சாயா டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்கிலாந்துல தேடினாலும் இப்பிடி ஒரு அடுக்களை கிடைக்காது" என்றேன்.